நூறு டோஸ் குப்பி, எட்டுக் கோழி

களியக்காவிளை தாண்டி நாமக்கல் முட்டை லாரி லாரியாக வந்து இறங்கினாலும், செங்கல், உதியன்குளங்கரை, பாறசாலைப் பக்கத்து வீடுகளில் முற்றத்துக் கோழியின் முட்டைக்கு உள்ள மவுசு குறையவில்லை. அந்த முட்டைக்காசு பெரும்பாலும் பெண்களின் கைக்காசு. அதைக் குலைத்துப் போடுவது வெள்ளைக்கழிச்சல்.

காலையில் கூட்டைத் திறந்ததும் மற்றவை பாய்ந்து இறங்க, ஒன்று மட்டும் கழுத்தை உள்ளிழுத்துச் சொக்கி நிற்கும். எச்சம் பச்சையும் வெள்ளையுமாக இருக்கும். முந்தின நாளே ஓடு உறைக்காத தோல்முட்டை விழுந்திருக்கலாம். அப்புறம் வாயைத் திறந்து மூச்சு வாங்கும், இறக்கை தொங்கும், கழுத்து முறுக்கிக்கொள்ளும். தடுப்பூசி போடாத கூட்டில் அநேகமாக எதுவும் மிஞ்சாது. இதற்கு மருந்து கிடையாது, தடுப்பு மட்டும்தான். 1927இல் குமாவுன் மலையிலுள்ள ராணிக்கேத்தில் கண்டறியப்பட்டதால் ராணிக்கெட் என்ற பெயரும் இதற்கு உண்டு. 1940களிலேயே முக்தேஸ்வர் ஆய்வுக்கூடம் தடுப்பூசி கண்டுவிட்டது. திருவனந்தபுரம் மாவட்டத்துக்குள்ளேயே, பாலோட்டில், அந்தத் தடுப்பூசி தயாராகிறது.

இவ்வளவு பக்கத்தில் தடுப்பூசி இருந்தும் கோழி ஏன் சாகிறது? குப்பியின் அளவுதான் பெரிய காரணம். ஒரு குப்பியில் நூறு டோஸ், சிலவற்றில் இருநூறு. கலக்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும், அதுவரை ஐஸில் இருக்க வேண்டும். எட்டுக் கோழி வைத்திருப்பவர் மீதித் தொண்ணூற்றிரண்டை என்ன செய்வார்? யோசித்துக்கொண்டே நாளைக் கடத்துகிறார். பெரிய பண்ணைக்கு இந்தச் சங்கடம் இல்லை. அங்கே ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு, நான்காம் வாரம் குடிநீரில், எட்டாம் வாரம் இறக்கைக்கடியில் ஊசி என்று முறையாக நடக்கும். அந்த ஊசியை முட்டையிடத் தொடங்குமுன் போட்டுவிட வேண்டும், பிந்தினால் முட்டை குறையும். குடிநீரில் கலப்பவர்கள் குளோரின் கலந்த பைப்புத் தண்ணீரைத் தவிர்க்க வேண்டும், குளோரின் தடுப்பு மருந்தைக் கொன்றுவிடும்.

மஞ்சள், சீரகம், கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக் கோழி பிழைத்ததாகச் சொல்பவர்கள் உண்டு. கொடுக்கலாம், தவறில்லை. ஆனால் அதை நம்பி ஊசியை விட்டுவிடக் கூடாது.

நோயைவிடக் கவலை தருவது விற்பனை. ஒன்று செத்ததும், மீதி சாகுமுன் காசாக்கிவிடலாம் என்று பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். பார்வைக்கு நன்றாக இருக்கும் கோழிக்குள்ளும் கிருமி இருக்கும். அறிகுறி தெரியப் பெரும்பாலும் ஐந்தாறு நாள் பிடிக்கும், சில சமயம் இரண்டு வாரம்கூட. அதற்குள் அது அடுத்த ஊர்க் கூட்டில் இருக்கும். கொண்டுபோன கூடையும் வியாபாரியின் செருப்பும் கூடக் கிருமியைச் சுமக்கும். செத்ததைத் தோட்டிலோ கால்வாயிலோ வீசினால் நாயும் காக்கையும் மிச்ச வேலையைச் செய்யும். ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைப்பது அரை மணி நேர வேலை.

இன்னொரு பயமும் இதில் இருக்கிறது. கழிச்சலா பறவைக் காய்ச்சலா என்பதைப் பார்வையால் பிரிக்க முடியாது, ஆய்வுக்கூடம்தான் சொல்ல வேண்டும். 2023 ஜனவரியில் இதே மாவட்டத்து அழூர் ஊராட்சியில் பறவைக் காய்ச்சல் உறுதியானதும், ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் இருந்த வளர்ப்புப் பறவைகளை அழிக்க வேண்டி வந்தது. இரண்டு மாதம் கடந்த பறவைக்கு 200 ரூபாய், குஞ்சுக்கு 100, முட்டைக்கு 5 என்று அரசு இழப்பீடு வைத்திருக்கிறது. நோயை மறைத்துக் கோழியை விற்றவருக்கு அதுவும் போய்விடும். கோழிகள் திடீரென்று கூட்டமாகச் செத்தால் வெறுங்கையால் தொடாமல் முதலில் மிருகாஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள்.

குப்பிக் கணக்குக்கு வழி ஊரிலேயே இருக்கிறது. குடும்பஸ்ரீ அயல்கூட்டம் ஒன்றில் பத்து முதல் இருபது வீடுகள். பத்து வீட்டில் எட்டு எட்டாக வைத்தாலே எண்பது கோழி, ஒரு குப்பி ஏறக்குறையத் தீர்ந்துவிடும். தமிழ்நாட்டில் பிப்ரவரி மாதம் இருவார முகாம் நடத்துவது போல, அயல்கூட்டமும் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளலாம். கோழி கூடடைந்திருக்கும் விடியற்காலை அதற்குத் தோதான நேரம், துரத்திப் பிடிக்க வேண்டாம். சொக்கி நிற்கும் கோழிக்கு மட்டும் அன்று ஊசி வேண்டாம். அடுத்த வாரக் கூட்டத்தில் கடன் கணக்கு முடிந்ததும், எந்த வீட்டில் எத்தனை கோழி என்று ஒரு தாளில் எழுதி மிருகாஸ்பத்திரியில் கொடுங்கள்.