கொள்ளுப்பாட்டியின் அரக்குப் பட்டு, போட்டோவில் ஏன் கறுப்பாச்சு?

கூடத்தில் தொங்கும் பழைய ஸ்டூடியோ போட்டோ. காஞ்சிபுரம் பட்டில் கொள்ளுப்பாட்டி. "எங்கம்மா கட்டியிருக்கிறது அரக்குச் சேலை"ன்னு பாட்டி சொல்வாங்க. படத்திலோ கறுப்பு. பாட்டிக்கு மறதியா? இல்லைங்க.

காரணம் என்ன?

அப்போது பரவலாக இருந்த ஆர்த்தோகுரோமாடிக் பிளேட்டும் ஃபிலிமும் சிவப்பு ஒளியை உணராது. அதனால் சிவப்பு கறுப்பாகப் பதியும். எல்லா நிறத்தையும் உணரும் பான்குரோமாடிக் பிளேட் 1906-லேயே விற்பனைக்கு வந்தது. ஆனாலும் பழையது உடனே போய்விடவில்லை. சிவப்பு விளக்கு போட்டுக்கொண்டே அதை டார்க் ரூமில் கழுவலாமே!

வெள்ளிக் கணக்கு

அந்தப் படத்தில் வெள்ளிக்கு இரண்டு வேலை. சேலை ஜரிகையில், பட்டு நூலைச் சுற்றிய வெள்ளி இழை. அதன்மேல் தங்க முலாம். போட்டோவில் கறுப்பாகத் தெரிவதும் நுண்ணிய வெள்ளித் துகள்கள்தான்.

அதுவே ஆபத்தும் ஆச்சு. கிழிந்த பட்டை ஜரிகைக்காக எடைக்குப் போடுவதுபோல, பழைய நெகட்டிவ்களும் வெள்ளிக்காக விலை போயின. எஞ்சிய தமிழக ஸ்டூடியோ, குடும்பப் படங்களை பிரிட்டிஷ் லைப்ரரி திட்டம் ஒன்றின் உதவியோடு புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் டிஜிட்டலாக்கியது.

நீங்க என்ன செய்யலாம்?

லேமினேட் வேண்டாம். ஈரச் சுவரிலிருந்து இறக்கிடுங்க. ஸ்கேன் எடுங்க. யார், எந்த ஊர், எந்த வருஷம், சேலை என்ன நிறம்னு பாட்டியிடம் கேட்டு, பின்பக்கம் பென்சிலால் மெதுவாக எழுதி வைங்க. அந்த அரக்கு நிறம் இப்போ அவங்க நினைவில் மட்டும்தான் இருக்கு.