தில்லியில் அடித்த காற்று, சிகாகோவில் எழுந்த கேள்வி

புது தில்லி: தில்லிப் பல்கலைக்கழக வடக்கு வளாகத்தை ஒட்டிய மாரிஸ் நகர்ச் சாலையில் இன்று நடந்து செல்லும் மாணவர்களில், 1978-ம் ஆண்டு மார்ச் 17-ம் தேதி அங்கு நடந்ததை அறிந்தவர்கள் மிகச் சிலராகவே இருப்பர். கருமேகத்தின் அடியிலிருந்து குழாய் போல் இறங்கிய சுழல்காற்று, சில நிமிடங்களில் அப்பகுதியைச் சூறையாடியது. பேருந்துகள் கவிழ்ந்தன, ஸ்கூட்டர்கள் மரங்களில் தொங்கின. சுமார் 30 பேர் இறந்ததாகவும் 700 பேர் காயமடைந்ததாகவும் மறுநாள் நாளிதழ்கள் எழுதின. தலைநகரின் வானிலைப் பதிவுகளில் அதுவரை இடம்பெறாத நிகழ்வு என்பதால், அதைப் புயல் என்பதா, வேறு பெயரிடுவதா என்று பத்திரிகைகளே தடுமாறின. (தமிழில் இன்றும் இக்குழப்பம் தீரவில்லை.)

அன்று அதிகம் பழக்கமில்லாத அவ்வழியே சென்ற முதுகலை மாணவர் ஒருவர், சிறு பால்கனி ஒன்றில் ஒடுங்கிக்கிடந்து உயிர் தப்பினார். பின்னர் 'தி ஹங்ரி டைட்' (2004) நாவலில் சுந்தரவனக் காடுகளை எழுதியவரும், ஆங்கிலத்தில் எழுதுபவர்களில் முதலாவதாக ஞானபீட விருதுக்குத் தேர்வானவருமான அமிதவ் கோஷ்தான் அவர்.

2015-ம் ஆண்டு சிகாகோ பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய நான்கு சொற்பொழிவுகளே, மறு ஆண்டு 'தி கிரேட் டிரேஞ்ச்மெண்ட்' நூலாயின. பத்திரிகை நறுக்குகளைப் பாதுகாத்து வைத்து, பலமுறை முயன்றும், தம் கண்ணால் கண்ட அக்காற்றை ஏன் ஒரு நாவலுக்குள் கொண்டுவர இயலவில்லை? இதுவே அவர் எழுப்பிய கேள்வி. நிகழக்கூடியவற்றை, அன்றாடத்தை மட்டுமே நம்பத்தக்கது என நவீன நாவல் வரையறுத்துக்கொண்டது. வரம்பு மீறும் இயற்கை அதற்குள் வந்தால் வலிந்து புனைந்ததாகத் தோன்றும் என்பது அவர் கண்ட விடை. ஆனால், பருவநிலை மாற்றமோ வரம்பு மீறியவற்றையே வாடிக்கையாக்கி வருகிறது. அரசியலையும் அவர் விட்டுவைக்கவில்லை. 2015 பாரீஸ் ஒப்பந்தத்தின் அலுவலக மொழியை, அதே ஆண்டு வெளியான போப் பிரான்சிஸின் சுற்றுமடலுடன் ஒப்பிட்டு, ஏழைகளின் துயரத்தை நேரடியாகப் பேசுவது பின்னதே என்கிறார்.

இலக்கியவாதிகளைக் குறை சொல்லும் எழுத்தாளர் தம்மையும் தப்பவிடவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. கொல்கத்தாவில் தாழ்வான பகுதியை ஒட்டி வசித்த தம் தாயாரிடம் வீடு மாறலாமே என்று கூறியபோது, மகனுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்பதுபோல் அவர் பார்த்தாராம். வீடு மாறவில்லை.

இந்நூலில் மும்பைக்கும் நீண்ட எச்சரிக்கை உண்டு. 2005 ஜூலை 26-ல் ஒரே நாளில் 94 செ.மீ. மழையைச் சந்தித்த நகரம், பெரும்புயல் நேரடியாகத் தாக்கினால் என்னவாகும் என்று அவர் கேட்டிருந்தார். 2020 ஜூன் 3-ல் நிசர்கா புயல் மும்பைக்குத் தெற்கே ராய்கட் மாவட்டத்தில் கரையைக் கடந்தது, நகரம் தப்பியது. மறு ஆண்டு மே மாதம் டவ்-தே புயல் மும்பையை ஒட்டியே கடந்து சென்றபோது, கடலில் எண்ணெய்த் துரப்பணப் பணியாளர்கள் தங்கியிருந்த பி-305 மிதவைக் கலம் மூழ்கிப் பலர் மாண்டனர்.