பாத்ரூம் மாற்றப் போன ராணி

கடல்மேல் மாளிகைகள் – 14

1994 டிசம்பர் 17. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் துறைமுகம். கிறிஸ்துமஸுக்கு இன்னும் எட்டு நாள்தான் இருக்கிறது. ‘குயின் எலிசபெத் 2’ நியூயார்க்குக்குக் கிளம்புகிறது. அங்கிருந்து கரீபியன் தீவுகளுக்குப் பண்டிகைப் பயணம். பல மாதங்களுக்கு முன்பே பணம் கட்டிவிட்டுக் காத்திருந்தவர்களில் நூற்றுக்கணக்கானோருக்குக் கடைசி நேரத்தில் ஒரு செய்தி வந்தது: உங்கள் கேபின் இன்னும் தயாராகவில்லை, இந்தப் பயணத்துக்கு உங்களை ஏற்ற முடியாது.

அன்று அவர்களுக்கு வயிறு எரிந்திருக்கும். ஒரு வாரம் கழித்துச் செய்தித்தாளைப் பிரித்தபோது, ‘நல்லவேளை, தப்பித்தோம்’ என்று மூச்சு விட்டிருப்பார்கள்.

கப்பலில் ஏறியவர்களை வரவேற்றது டிரில் சத்தம். பந்தக்கால் நட்ட பிறகும் வெள்ளையடித்து முடியாத கல்யாண வீடுபோல இருந்தது கப்பல். கூரையிலிருந்து ஒயர்கள் தொங்கின. நடைவழிகளில் பலகையும் பைப்பும் கம்பளச் சுருளும் கிடந்தன. பல கேபின்களில் கழிப்பறை வேலை செய்யவில்லை. அட்லாண்டிக்கின் நடுவில், டிசம்பர் குளிரில், ஓட்டை உடைசலுக்கு நடுவே பயணிகள். அவர்களோடு கூடவே கடலைக் கடந்த தச்சர்கள், பிளம்பர்கள், எலெக்ட்ரீஷியன்கள். வேலை முடியாததால் வேலையாட்களையும் ஏற்றிக்கொண்டே கிளம்பிவிட்டது கப்பலின் உரிமையாளரான கூனார்டு நிறுவனம்.

நியூயார்க்கில் அமெரிக்கக் கடலோரக் காவல்படை கப்பலில் ஏறிப் பார்த்தது. தீ விபத்து நேர்ந்தால் ஆட்கள் தப்ப வேண்டிய வழிகளின் நிலையைக் கண்டு, குறைகளைச் சரிசெய்யாமல் கரீபியனுக்குக் கிளம்பக் கூடாது என்று நிறுத்திவைத்தது. பத்திரிகைகள் ‘நரகப் பயணம்’ என்று தலைப்புப் போட்டன. பயணிகள் வழக்குத் தொடுத்தார்கள். கூனார்டு கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்து, அதற்கு மேலும் இழப்பீடு கொடுக்க வேண்டியதாயிற்று.

இதில் உள்ள வேடிக்கை, அந்தப் புதுப்பிப்பின் முக்கிய நோக்கமே பாத்ரூம்தான். 1969-ல் பயணம் தொடங்கிய கப்பல். கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. கேபின்களின் குளியலறைகள் பழசாகிவிட்டன என்று வாடிக்கையாளர்கள் நீண்ட நாளாக முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாக் குளியலறைகளையும் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போடுவது, நீச்சல் குளத்துக்கு மேல் இருந்த நகரும் கண்ணாடிக் கூரையை எடுத்துவிட்டு அங்கே லிடோ உணவகம் அமைப்பது, பார்களையும் கூடங்களையும் புதுப்பிப்பது எனச் சுமார் 3 கோடி பவுண்டு திட்டம். ஹாம்பர்க் நகரின் ப்ளோம் – ஃபோஸ் கப்பல் தளத்துக்கு நவம்பரில் போன கப்பல், டிசம்பர் நடுவில் வெளியே வந்தாக வேண்டும்.

கரையில் ஒரு ஹோட்டலைப் புதுப்பிப்பவர்கள் ஒரு மாடியை மூடிவிட்டு மற்ற மாடிகளில் வியாபாரம் பார்க்கலாம். வேலை தள்ளிப்போனால் திறப்பு விழாவையும் தள்ளிப்போடலாம். கப்பலில் அந்த வசதி கிடையாது. உலர் துறையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் வருமானம் இல்லாத நாள். துறைக்கு வாடகை வேறு. கிறிஸ்துமஸ் பயணத்துக்கு டிக்கெட் விற்றாகிவிட்டது. அடுத்து ஜனவரியில் உலகப் பயணம் காத்திருக்கிறது, அதற்கும் விற்றாகிவிட்டது. இருபத்தைந்து வருடக் கப்பலில் ஒரு சுவர்ப் பலகையைப் பிரித்தால் உள்ளே எந்தக் குழாய் எந்த நிலையில் இருக்கும் என்று வரைபடத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. இதெல்லாம் கூனார்டுக்குத் தெரியாதா? நூற்றைம்பது வருட அனுபவம் உள்ள நிறுவனம். தெரிந்தும் தேதியை மாற்றவில்லை என்பதுதான் பயணிகளின் கோபத்துக்குக் காரணம். அந்தக் கோபம் நியாயமானது என்பதே என் கட்சி.

இந்தக் கப்பலின் பயணிகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இவர்களில் பெரும்பகுதி திரும்பத் திரும்ப வருகிறவர்கள். ஒரே கேபினை, ஒரே மேஜையை, ஒரே பரிமாறுபவரைக் கேட்டு வாங்குகிறவர்கள். அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு மூதாட்டி, கணவர் இறந்த பிறகு பல வருடங்கள் அந்தக் கப்பலையே வீடாக வைத்துக்கொண்டு வாழ்ந்தார். இப்படிப்பட்டவர்களிடம் ‘புதுப்பித்திருக்கிறோம்’ என்று போய் நின்றால், முதலில் வரும் கேள்வி ‘என்ன புதுசு?’ அல்ல. ‘எதை எடுத்தீர்கள்?’

அந்தக் கேள்விக்கு நல்ல காரணம் உண்டு. கொஞ்சம் பின்னே போவோம்.

1967 செப்டம்பர் 20 அன்று, ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில் ஜான் பிரவுன் கப்பல் தளத்தில் எலிசபெத் ராணி இந்தக் கப்பலை நீரில் இறக்கி வைத்தார். டர்பைன் கோளாறால் தாமதமாகி, 1969 மே 2 அன்றுதான் முதல் பயணம் கிளம்பியது. விமானங்கள் அட்லாண்டிக்கை ஏழெட்டு மணி நேரத்தில் தாண்டத் தொடங்கிவிட்ட காலம். ஐந்து நாள் பிடிக்கும் கப்பலில் யார் ஏறுவார்கள்? ஆகவே பழைய லைனர்களின் மர வேலைப்பாடு, பித்தளைப் பளபளப்பு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, அறுபதுகளின் நவீனப் பாணியில் உள்ளே அலங்கரித்தார்கள். மைக்கேல் இஞ்ச்போல்டு வடிவமைத்த குயின்ஸ் ரூமில் வெள்ளைத் தூண்கள் மேலே போகப் போக ஊதுகொம்பின் வாய்போல விரியும். நாற்காலியின் அடிப்பாகமும் அதே வடிவம். அப்போதே பழைய கூனார்டு ரசிகர்கள் முகம் சுளித்தார்கள்: இது கப்பலா, ஹோட்டலா?

மூன்றே வருடத்தில் முதல் பெரிய மாற்றம். கப்பலின் முன்பகுதியில் ‘லுக்அவுட்’ என்று ஒரு கூடம் இருந்தது. கப்பல் போகும் திசையையே பார்த்தபடி பயணிகள் உட்கார்ந்து குடிக்கலாம். கேப்டன் தன் மேடையிலிருந்து பார்க்கும் கடலைப் பயணியும் கிட்டத்தட்ட அதே கோணத்தில் பார்ப்பதற்கு அந்த ஒரு இடம்தான் இருந்தது. 1972-ல் அது சமையலறையாகிவிட்டது. பக்கத்து உணவகத்தைப் பெரிதாக்கினார்கள், சமைக்க இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். கணக்குப் பார்த்தால் சரியான முடிவு. பார் விற்பனையைவிடச் சாப்பாட்டு மேஜை முக்கியம். ஆனால் மிகச் சிறந்த கடற்காட்சியைப் பார்க்கும் பாக்கியம் அதன்பின் அடுப்புக்கும் பாத்திரத்துக்கும்தான். அந்தக் கூடத்தில் ஒருமுறை உட்கார்ந்தவர்கள் அதை மறக்கவில்லை. முன்பக்கம் பார்க்கும் பொதுக்கூடம் என்று ஒன்று அதன்பிறகு கப்பலில் வரவேயில்லை.

அதே சமயத்தில் மேல்தளத்தில் விலை உயர்ந்த பென்ட்ஹவுஸ் அறைகளும் முளைத்தன. கப்பலின் பக்கத்தோற்றம் கெட்டுவிட்டது என்று ஒரு கூட்டம் புலம்பியது. வாடகைக்கு எடுக்க வந்த கூட்டம் புலம்பவில்லை.

1982-ல் வந்த மாற்றம் யாரும் எதிர்பாராதது. ஃபாக்லாந்து போருக்காகப் பிரிட்டிஷ் அரசு கப்பலைக் கையகப்படுத்தியது. ஓவியங்களும் மரச்சாமான்களும் இறங்கின. கம்பளங்களின் மேல் ஹார்டுபோர்டு அடித்தார்கள். பின்தளத்தில், பயணிகள் வெயில் காய்ந்த இடத்தில், ஹெலிகாப்டர் இறங்குமேடை. மே 12 அன்று சுமார் 3,000 படைவீரர்களோடு கப்பல் தெற்கே போனது. அவர்களில் கூர்க்கா படைப்பிரிவும் உண்டு. ஒரு மாதத்தில், மூழ்கிய போர்க்கப்பல்களிலிருந்து உயிர் தப்பியவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தது. லைனர் ஒன்றுக்குச் செய்யப்பட்ட புதுப்பிப்புகளிலேயே மிக வேகமாக, குறித்த தேதிக்குள் நடந்து முடிந்தது அதுவாகத்தான் இருக்கும். அந்தப் பயணிகளுக்குப் பாத்ரூம் பற்றிப் புகார் செய்ய உரிமையும் கிடையாது.

போர் முடிந்து மறுபடி பயணிக் கப்பலாக மாற்றியபோது, கூனார்டு ஒரு சோதனை செய்தது. கறுப்பு கலந்த சாம்பல் நிறத்தில் கம்பீரமாக இருந்த உடலுக்கு வெளிர் கூழாங்கல் நிறம் பூசினார்கள். வெள்ளையாக இருந்த புகைபோக்கிக்குக் கூனார்டின் பழைய ஆரஞ்சுச் சிவப்பு. இரண்டுக்கும் கிடைத்த வரவேற்பு நேர் எதிர். சிவப்புப் புகைபோக்கியைக் கண்டதும் பழைய ரசிகர்கள் மகிழ்ந்துபோனார்கள்; அது கடைசிவரை நிலைத்தது. வெளிர் உடலை யாருக்கும் பிடிக்கவில்லை. துறைமுகத்தில் உரசும் ஒவ்வொரு கறையும் துருக்கோடும் அதில் பளிச்சென்று தெரிந்தது. 1983-லேயே பழைய கருநிறம் திரும்பியது. பயணிகள் சொன்னதற்காகவா, துடைத்து மாளவில்லை என்பதற்காகவா என்று கேட்டால், இரண்டும்தான்.

1986 – 87-ல் நடந்ததுதான் எல்லாவற்றிலும் பெரிய மாற்றம். ஜெர்மனியின் பிரமர்ஹாஃபனில் கப்பலின் நீராவி எந்திரங்களை முழுக்கப் பிடுங்கிவிட்டு, ஒன்பது டீசல் எந்திரங்களும் மின்மோட்டார்களும் வைத்தார்கள். செலவு பத்துக் கோடி பவுண்டுக்கும் மேல். எரிபொருள் செலவு பெருமளவு குறைந்தது, கப்பலின் ஆயுள் இருபது வருடம் நீண்டது. ஒன்பது எந்திரத்தின் புகையை வெளியேற்ற வேண்டியிருந்ததால் புகைபோக்கி தடிமனானது. புரொப்பெல்லருக்குப் பின்னால், இன்னும் எரிபொருள் மிச்சமாகட்டும் என்று பொருத்திய கூடுதல் சக்கரங்கள் சோதனை ஓட்டத்திலேயே இறக்கை உடைந்து விழுந்து, கழற்றப்பட்டன. இத்தனையும் நடந்தது, பயணிகளில் பெரும்பாலோர் பேசியது புகைபோக்கி பருத்துவிட்டதைப் பற்றித்தான். கண்ணில் படுவது அதுதானே!

மறுபடி 1994-க்கு வருவோம். ஒயர் தொங்கிய கூடங்களில் ஒருவழியாக வேலை முடிந்தபோது தெரிந்த கோலம் என்ன? 1969-ல் எந்தப் பழமையை வேண்டாம் என்று தள்ளினார்களோ, அதையே திரும்பக் கொண்டுவந்திருந்தார்கள். கூனார்டின் பழைய லைனர்களை நினைவூட்டும் ஓவியங்கள், நினைவுப் பொருள்களை வரிசையாக வைத்த ‘பாரம்பரியப் பாதை’, ‘கோல்டன் லயன்’ என்று ஓர் ஆங்கிலேய பப், மரச்சாயலில் சார்ட் ரூம் பார். அறுபதுகளில் பிறந்த கப்பலுக்கு முப்பதுகளின் உடுப்பு. வடிவமைப்பு பற்றி எழுதுபவர்களுக்கு இது போலித்தனமாகப் பட்டது. பயணிகளுக்குப் பிடித்திருந்தது. புது பாத்ரூம்களும், தண்ணீர் வரத் தொடங்கிய பிறகு, பிடித்திருந்தன. அந்தக் கிறிஸ்துமஸில் வேலையை இரண்டு மூன்று வாரம் தள்ளி, ஒரு பயணத்தை ரத்து செய்திருந்தால், வெற்றிகரமான புதுப்பிப்பு என்றே அது சரித்திரத்தில் நின்றிருக்கும்.

கூனார்டின் தாய் நிறுவனமான டிராஃபல்கர் ஹவுஸை 1996-ல் நார்வேயின் குவார்னர் வாங்கியது. 1998-ல் கூனார்டு அமெரிக்காவின் கார்னிவல் கைக்குப் போனது. கார்னிவல் கட்டிய ‘குயின் மேரி 2’ 2016-ல் அதே ஹாம்பர்க் தளத்துக்குப் புதுப்பிப்புக்காகப் போனபோது, 1994 பாடம் எல்லோர் நினைவிலும் இருந்திருக்க வேண்டும். இருபத்தைந்து நாளில் வேலை முடிந்து, சொன்ன தேதியில் வெளியே வந்தது. அந்தக் கப்பலின் பயணிகள் பல வருடமாகக் கேட்டவை நடந்திருந்தன: தனியாகப் பயணம் செய்பவர்களுக்கென முதன்முறையாகப் பதினைந்து ஒற்றை அறைகள், தட்டை ஏந்திக்கொண்டு வழி தேட வேண்டியிருந்த கிங்ஸ் கோர்ட் உணவகத்துக்குத் திறந்த அமைப்பு. கூட்டிவரும் நாய்களுக்கான கூண்டுகள் 12-லிருந்து 22 ஆயின. நாய்கள் காலைத் தூக்க வசதியாக ஒரு பிரிட்டிஷ் விளக்குக் கம்பமும் நியூயார்க் தீயணைப்புக் குழாயும் நட்டார்கள். விசிறிப் பனையும் பிரம்பு நாற்காலியுமாக இருந்த ‘விண்டர் கார்டன்’ மறைந்து ‘கரிந்தியா லவுஞ்ச்’ ஆனதற்கு மட்டும் சிலர் வருந்தினார்கள். 1994-ல் கேட்ட கோபம் இந்த முறை எழவில்லை. கழிப்பறை வேலை செய்தது.

நம் கதாநாயகி 2008 நவம்பரில் ஓய்வு பெற்றாள். சுமார் அறுபது லட்சம் கடல் மைல். இருபத்தைந்து லட்சம் பயணிகள். துபாய் அரசு நிறுவனம் 10 கோடி டாலருக்கு வாங்கி ஹோட்டலாக்கத் திட்டம் போட்டது. புகைபோக்கியை வெட்டியெடுத்துக் கரையில் நுழைவாயிலாக நிறுத்திவிட்டு, அது இருந்த இடத்தில் கண்ணாடி மாளிகையாக ஆடம்பர அறைகள் கட்டுவது அந்தத் திட்டத்தில் ஓர் அம்சம். அந்தப் படத்தைப் பார்த்த பழைய பயணிகள் கொதித்தார்கள். அவர்கள் கொதிப்பால் அது நிற்கவில்லை. அந்த ஆண்டின் பொருளாதார நெருக்கடி துபாயையும் பிடித்தது. பணம் இல்லை, வேலை நடக்கவில்லை. கப்பல் பத்து வருடம் வெயிலில் சும்மா நின்றது.

2018 ஏப்ரலில் ஒருவழியாக ஹோட்டலாகத் திறந்தபோது, புகைபோக்கி அதே இடத்தில் இருந்தது. குயின்ஸ் ரூமின் விரிந்த தூண்கள், சார்ட் ரூம், கோல்டன் லயன் எல்லாமும் இருந்தன. உயிர்காக்கும் படகுகளை மட்டும் இறக்கிக் கரையில் வைத்துவிட்டார்கள். பக்கவாட்டில் அந்த இடம் வெறிச்சென்று தெரிகிறது. துபாயில் இருக்கும் வாசகர்கள் ஒரு மாலை ரஷீத் துறைமுகத்துக்குப் போய்ப் பாருங்கள். கப்பலைச் சுற்றிக் காட்ட வழிகாட்டிகள் இருக்கிறார்கள். 1972-ல் சமையலறையான முன்கூடம் எங்கே இருந்தது என்று அவர்களிடம் மறக்காமல் கேளுங்கள்.

அடுத்த வாரம்: பிரெஞ்சு லைனராகப் பிறந்து, கைமாறி, சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய ‘எம்.வி. சிதம்பரம்’.