அப்பாவுக்கு கண்ணாடி மாத்தியாச்சு... ரெட்டினா பார்த்தாச்சா? சர்க்கரை நோயில் பலர் தவறவிடும் பரிசோதனை

பென்னாகரம் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். மகனுக்கு பெங்களூருவில் ஐ.டி. வேலை. அப்பாவுக்கு 58 வயது, சுகர் வந்து பத்து வருஷம் ஆகிறது. "பேப்பர் படிச்சா எழுத்து மங்கலா தெரியுதுடா" என்று போனில் சொல்கிறார். சனிக்கிழமை ஊருக்கு வரும் மகன், அவரை தருமபுரி டவுனுக்குக் கூட்டிப்போய் ஆப்டிகல்ஸில் பவர் செக் பண்ணி, புதுக் கண்ணாடி வாங்கித் தருகிறார். ஞாயிறு ராத்திரி திரும்ப பஸ். கண் செக்-அப் முடிந்தது என்று இருவருமே நிம்மதியாகிவிடுகிறார்கள்.

உண்மையில் கண்ணை இன்னும் யாரும் உள்ளே பார்க்கவே இல்லை.

பவர் வேறு, ரெட்டினா வேறு

ஆப்டிகல்ஸில் பார்ப்பது, எந்த அளவு கண்ணாடி போட்டால் எழுத்து தெளிவாகத் தெரியும் என்பதைத்தான். சர்க்கரை நோய் பெரிய சேதம் செய்வது கண்ணின் பின்சுவரில் இருக்கும் ரெட்டினாவில், அதாவது விழித்திரையில். போன் கேமராவை யோசித்துப் பாருங்கள். முன்னால் இருக்கும் லென்ஸை எவ்வளவு துடைத்தாலும், உள்ளே சென்சார் போயிருந்தால் படம் தெளியாது.

இன்னொரு விஷயம். ரத்தத்தில் சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணில் உள்ள லென்ஸின் நீர்ச்சத்தும் மாறும்; அதோடு பவரும் மாறும். சுகர் தாறுமாறாக இருக்கும் வாரத்தில் வாங்கும் கண்ணாடி, சுகர் கட்டுக்குள் வந்ததும் பொருந்தாமல் போகலாம். 'போன மாசம்தான் மாத்தினோம், அதுக்குள்ள சரியில்ல' என்ற புகாருக்கு இதுவும் ஒரு காரணம். கடைக்காரர் மேல் தப்பில்லை!

வலிக்காது. சிக்கலே அதுதான்

சர்க்கரை வருடக்கணக்கில் அதிகமாக இருந்தால் விழித்திரையின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பலவீனமாகி, நீரும் ரத்தமும் கசியத் தொடங்கும். சில குழாய்கள் அடைபடும். ரத்த ஓட்டம் குறைந்த இடத்தில் புதிய குழாய்கள் முளைக்கும். ஆனால் அவை எளிதில் உடையக்கூடியவை. உடைந்தால் கண்ணுக்குள் ரத்தம் பரவும். முற்றினால் விழித்திரையே பிய்ந்து வரலாம். இதற்குப் பெயர் டயாபடிக் ரெட்டினோபதி.

ஆரம்ப கட்டத்தில் வலி, சிவப்பு, நீர் வடிதல் எதுவுமே இருக்காது. பார்வையும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். திடீரென கரும்புள்ளிகள் மிதப்பது, திரை விழுந்த மாதிரி மறைப்பது எல்லாம் நோய் முற்றிய பிறகு வரும் அறிகுறிகள். அப்படி வந்தால் வார இறுதிக்குக் காத்திருக்கக் கூடாது. அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின் மதிப்பீட்டின்படி இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோருக்கு சர்க்கரை நோய் இருக்கிறது. 2015-19 காலகட்டத்தில் 50 வயதைத் தாண்டியவர்களிடம் நடந்த தேசிய கணக்கெடுப்பில், சர்க்கரை நோயாளிகளில் 16.9 சதவீதம் பேருக்கு இந்த விழித்திரை பாதிப்பு இருந்தது. அதைவிட உறுத்தும் தகவல், அவர்களில் 10-க்கு சுமார் 9 பேர் அதுவரை விழித்திரைப் பரிசோதனையே செய்ததில்லை என்பதுதான்.

மாத்திரை வீடு தேடி வருது, ஆனா...

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியது பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளி கிராமத்தில். (2004 வரை கிருஷ்ணகிரியும் தருமபுரி மாவட்டம்தான்.) சுகர், பி.பி. மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருவது, பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் இந்தப் பகுதிக்கு பெரிய உதவி. ஆனால் மாத்திரை தவறாமல் வருவதாலேயே 'எல்லாம் சரியா போயிட்டிருக்கு' என்ற எண்ணமும் வந்துவிடுகிறது. விழித்திரையைப் பார்க்க ஆளும் கருவியும் இருக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும்.

பெரியவர்களுக்கு வரும் டைப் 2 வகையில், சுகர் இருப்பது தெரிந்த உடனேயே ஒரு முறை, பிறகு வருடம் ஒரு முறை பார்ப்பது பொதுவான பரிந்துரை. ஏற்கெனவே சுகர் உள்ள பெண்கள் கர்ப்பமானால் தள்ளிப்போடாமல் பார்க்க வேண்டும்.

பரிசோதனை எளிதுதான். சொட்டு மருந்து விட்டு 20-30 நிமிடம் உட்கார வைப்பார்கள். கண்பாவை விரிந்ததும் உள்ளே பார்ப்பார்கள், அல்லது படம் எடுப்பார்கள். அதன்பின் சில மணி நேரம் வெளிச்சம் கூசும், கிட்டத்தில் எழுத்து தெரியாது. அதனால் அப்பாவை தனியாக டூவீலரில் அனுப்பாதீர்கள்.

பாதிப்பு இருந்தால் லேசர், கண்ணுக்குள் போடும் ஊசி, தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை என வழிகள் உண்டு. ஆனால் இவை பெரும்பாலும் மிச்சமிருக்கும் பார்வையைக் காப்பாற்றவே. போனது முழுசாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது. ஊசியும் ஒன்றோடு முடிவதில்லை. கூலி வேலையை விட்டுவிட்டு மாதாமாதம் பஸ் ஏறுவது சுலபமல்ல. நடுவில் நின்றுபோக வாய்ப்பு அதிகம். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் அடுத்த தேதியை போன் காலண்டரில் போட்டு வைத்தால், அதுவே பாதி உதவி.

சரி, நம்ம கண்ணு?

ஸ்கிரீன் பார்ப்பதால் வருவது பெரும்பாலும் வறட்சியும் சோர்வும். இமைக்க மறந்துவிடுகிறோம், அவ்வளவுதான். 20 நிமிடத்துக்கு ஒரு முறை 20 அடி தூரத்தில் உள்ளதை 20 நொடி பாருங்கள். கூடுதல் காசு கொடுத்து வாங்கும் புளூ கட் லென்ஸ் கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்று 2023-ல் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு சொன்னது. பெற்றோருக்கு சுகர் இருந்தால், அந்தக் காசில் நீங்களே ஒரு சுகர் டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாம்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு வேலை நாளையும் சேர்த்து லீவ் போடுங்கள்; ஞாயிற்றுக்கிழமையை நம்பிப் போனால் கண் டாக்டர் கிடைப்பது கஷ்டம். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, தனியார் கண் மருத்துவமனையோ, பழைய சுகர் ரிப்போர்ட்டையும் சாப்பிடும் மாத்திரைகளையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். 'கண்ணாடி பார்க்க வந்தோம்' என்றால் பவர் மட்டும் பார்த்து அனுப்பிவிடக்கூடும். 'பத்து வருஷமா சுகர் இருக்கு, சொட்டு மருந்து விட்டு ரெட்டினா பார்க்கணும்' என்று கேளுங்கள்.