சட்டைக்கடியில் ஒரு கைப்பிடி: பார்த்தவர் என்ன செய்ய வேண்டும்?

வைகாசி கருட சேவையன்று சின்ன காஞ்சிபுரம் விடிவதற்கு முன்பே விழித்துவிடும். வரதராஜப் பெருமாள் கோயிலின் மேற்குக் கோபுர வாசலில், தொட்டையாச்சாரியார் சேவைக்காகக் குடைகள் ஒரு கணம் பெருமாளை மறைத்து விலகும். அந்த நேரத்தில் சன்னதி வீதியில் நிற்கும் அத்தனை கைகளும் தலைக்கு மேலே போகும். கை உயர்ந்தால் சட்டையும் கூடவே உயரும். முன்னால் நிற்பவரின் இடுப்பு இரண்டு விநாடி கண்ணில் படும். வேட்டி மடிப்பு, அரைஞாண் கயிறு, சாவிக்கொத்து, பெல்ட் என்று வழக்கமாகத் தெரிவதெல்லாம் தெரியும். அங்கே கறுப்பாக, சொரசொரப்பாக, லேசாக வளைந்த ஒரு கைப்பிடி தெரிந்தால் என்ன செய்வது?

பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான். பார்வையைத் திருப்பிக்கொள்வார்கள். "போலீஸ்காரராக இருக்கும்" என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வார்கள். இருக்கலாம்தான். ஆனால் அது யார் என்று தீர்மானிப்பது பார்த்தவரின் வேலை அல்ல. பார்த்ததைச் சொல்வது மட்டும்தான் அவர் வேலை. அதைச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

இடுப்பில் கைத்துப்பாக்கியோடு பொது இடத்தில் நிற்பவர் மூன்று வகையினரில் ஒருவராகத்தான் இருக்க முடியும். முதலாவது, பணியில் இருக்கும் காவலர். நீதிபதி, அமைச்சர் போன்றவர்கள் தரிசனத்துக்கு வரும்போது சஃபாரி உடையில் கூடவே வரும் கன்மேன் இந்த வகை. இரண்டாவது, உரிமம் வாங்கி வைத்திருக்கும் தனிநபர். மூன்றாவது, உரிமமே இல்லாதவர். முதல் வகையினர் அரசுப் பணிக்காக ஆயுதம் ஏந்துகிறார்கள். அவர்களுக்கு 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் விலக்கு தருகிறது. மற்ற இருவருக்கும் அந்தச் சட்டமும் அதன் கீழ் வந்த 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளும் பொருந்தும்.

அந்த விதிகளில் 32-ஆவது விதியை எல்லோரும் ஒருமுறையாவது தெரிந்துகொள்ள வேண்டும். பொது இடத்தில் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்பவர், அதற்கென்றே செய்த உறையில் வைத்து உடம்போடு பிணைத்திருக்க வேண்டும், அல்லது பைக்குள் வைத்திருக்க வேண்டும். அது முழுவதுமாக மூடப்பட்டிருக்க வேண்டும். எடுத்துச் செல்பவரின் முழுக் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும். திருமணம், திருவிழா, ஊர்வலம், பொதுக்கூட்டம் எதிலும் அதை வெளியே எடுத்துக் காட்டக் கூடாது, சுடவும் கூடாது.

அதாவது, உரிமம் வைத்திருப்பவரின் துப்பாக்கியும் உங்கள் கண்ணில் படக் கூடாது. சட்டை விலகிக் கைப்பிடி தெரிந்தாலே விதி மீறப்பட்டிருக்கிறது. உறை இல்லாமல் பேண்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவில் செருகியிருந்தால் அதுவும் மீறல்தான். உரிம நிபந்தனையை மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ உண்டு, உரிமமும் ரத்தாகலாம். உரிமமே இல்லாமல் வைத்திருந்தால் கதையே வேறு. 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை. ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்பதை இரண்டாகக் குறைத்ததும் அதே திருத்தம்தான்.

உரிமம் எளிதில் கிடைப்பதல்ல. காஞ்சிபுரம் போன்ற மாவட்டத்தில் ஆட்சியர்தான் வழங்குபவர். காவல்துறை விசாரித்து அறிக்கை தர வேண்டும். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். உயிருக்கு உண்மையான அச்சுறுத்தல் இருப்பதைக் காட்ட வேண்டும். துப்பாக்கியைக் கையாளும் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். அப்படிக் கிடைத்தாலும் போலீஸ் பயன்படுத்தும் 9 மில்லிமீட்டர் பிஸ்டல் வாங்க முடியாது. அது தடை செய்யப்பட்ட வகை. அதனால்தான் தனிநபர்களிடம் பெரும்பாலும் .32 ரிவால்வர் இருக்கிறது. தேர்தல் அறிவித்ததும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். 2016 இறுதியில் நாடு முழுவதும் சுமார் 33 லட்சத்து 70 ஆயிரம் உரிமங்கள் இருந்தன. அவற்றில் 12 லட்சத்துக்கும் மேல் உத்தரப் பிரதேசத்தில் மட்டும். அங்கே கல்யாண வீட்டில் வானத்தைப் பார்த்துச் சுடுவது பெரிய தொல்லையாகிவிட்டதால், அதற்கென்றே 2019 திருத்தத்தில் தனித் தண்டனை சேர்த்தார்கள். நம் ஊர்க் கல்யாணத்தில் அந்தப் பழக்கம் இல்லை. இல்லாமலே இருக்கட்டும்.

சரி, மறைத்து வைத்த துப்பாக்கி எப்படித் தெரிந்துவிடுகிறது? எடைதான் காரணம். கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை 2014-இல் பெண்களுக்காக என்று சொல்லி வெளியிட்ட 'நிர்பீக்' ரிவால்வர் மிகவும் இலகுவானது. அதுவே அரைக் கிலோ. மற்றவை பெரும்பாலும் முக்கால் கிலோ, ஒரு கிலோ வரை வரும். காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். நல்ல ஜரிகை போட்ட முகூர்த்தப் புடவை ஒன்றின் எடை ஏறக்குறைய அதுதான். புடவையின் எடை உடம்பு முழுக்கப் பரவிவிடும். துப்பாக்கியின் எடை உள்ளங்கை அகலத்தில், இடுப்பின் ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். அந்தப் பக்கம் பெல்ட் சரியும். பேண்ட் இறங்கும். வைத்திருப்பவர் அடிக்கடி மேலே இழுத்துவிட்டுக்கொள்வார்.

நம் ஊர் வெயிலும் மறைக்க விடாது. கோட்டு போடும் ஊரல்ல இது. மெல்லிய பருத்திச் சட்டை, அதுவும் வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருக்கும். உள்ளே இருப்பதன் விளிம்பு அப்படியே வெளியே எழும்பும். எல்லோரும் சட்டையை உள்ளே விட்டிருக்கும் இடத்தில் ஒருவர் மட்டும் பெரிய அளவுச் சட்டையை வெளியே விட்டிருப்பார். நடக்கும்போது ஒரு கை வீசும், இன்னொரு கை இடுப்போடு ஒட்டியே இருக்கும். உட்கார்ந்து எழுந்ததும் கை தானாக அங்கே போய்த் தொட்டுப் பார்க்கும். செருப்பைக் கழற்றக் குனியும்போது, கொடிமரத்தின் முன் விழுந்து சேவிக்கும்போது, பைக்கின் பின் இருக்கையில் ஏறும்போது, பின் இடுப்பில் செருகியது மேலே எட்டிப் பார்க்கும். பின்னால் வரும் வண்டிக்காரர்தான் அதை முதலில் பார்ப்பார்.

ஆனால் புடைப்பெல்லாம் துப்பாக்கி அல்ல. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பட்டு வியாபாரத்தில் ரொக்கத்தோடு அலைபவர்கள் இடுப்பில் பணப்பை கட்டியிருப்பார்கள். அகலமான பச்சை பெல்ட் போட்ட பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தறிக்குழியில் உட்கார்ந்தே முதுகு போன நெசவாளர் சட்டைக்குள் இடுப்புப் பட்டை கட்டியிருப்பார். பெரிய செல்போன், சர்க்கரை நோயாளியின் இன்சுலின் பம்ப், திருவிழாக் கடையில் விற்கும் துப்பாக்கி வடிவ லைட்டர், பிள்ளைகளின் தீபாவளித் துப்பாக்கி இவையெல்லாம் கண்ணை ஏமாற்றும். ஒருவரின் நிறத்தையோ பேச்சையோ தாடியையோ பார்த்துச் சந்தேகப்படுவது அநியாயம். சந்தேகம் பொருளின் மேல் வர வேண்டும், ஆளின் மேல் அல்ல. கைப்பிடியோ குழலோ கண்ணால் தெரிந்திருக்க வேண்டும்.

நம் கண்ணுக்கு அரிவாள் பழக்கம். முதுகுப் பக்கம் சட்டைக்குள் செருகியிருந்தால் சினிமா பார்த்த சிறுவனுக்கும் தெரியும். சின்ன காஞ்சிபுரத்துக்கு அந்த நினைவு சினிமாவிலிருந்து வந்ததல்ல. 2004 செப்டம்பர் 3 மாலை, வரதராஜப் பெருமாள் கோயில் அலுவலகத்திலேயே மேலாளர் சங்கரராமனை வெட்டிக் கொன்றார்கள். 2013 நவம்பர் 27 அன்று புதுச்சேரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்கள் அனைவரையும் விடுவித்தது. ஆயுதத்தோடு வந்தவர்கள் கோயிலுக்குள் நுழைந்து வெளியேற முடிந்தது என்பது மட்டும் இந்த ஊரின் மனதில் நிற்கிறது.

துப்பாக்கிக்கு நம் கண் அவ்வளவு பழகவில்லை. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் பிரவுனிங் பிஸ்டலோடு முதல் வகுப்புப் பெட்டியில் ஏறிக் கலெக்டர் ஆஷைச் சுடும்வரை அவரிடம் துப்பாக்கி இருப்பது அங்கிருந்த யார் கண்ணிலும் படவில்லை. 1967 ஜனவரி 12 அன்று எம்.ஆர். ராதா எம்.ஜி.ஆரின் ராமாவரம் வீட்டுக்குப் போனபோது, தெரிந்த மனிதர் என்பதால் யாரும் எதையும் கவனிக்கவில்லை. எம்.ஜி.ஆரின் கழுத்தில் குண்டு பாய்ந்தது, குரல் கடைசிவரை பழையபடி ஆகவில்லை. 2020 ஜனவரி 8 இரவு, கன்னியாகுமரி மாவட்டம் களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சனைப் பணியில் இருக்கும்போதே சுட்டுக் கொன்றார்கள். அந்தத் துப்பாக்கி பிறகு எர்ணாகுளத்தில் ஒரு சாக்கடையிலிருந்து கிடைத்தது. வாஞ்சியின் நோக்கம் வேறு, மற்றவர்களின் நோக்கம் வேறு. எல்லாவற்றிலும் பொதுவானது ஒன்று: துப்பாக்கி வெளியே வந்த பிறகுதான் அது இருப்பதே சுற்றியிருந்தவர்களுக்குத் தெரிந்தது. அதற்கு முன்பே கண்ணில் பட்டுவிட்டால் அது கிடைப்பதற்கரிய வாய்ப்பு. அதை வீணாக்கக் கூடாது.

இப்போது சட்டம் சொல்லும் கடமைக்கு வருவோம். ஆயுதச் சட்டத்தின் 36-ஆவது பிரிவின்படி, இந்தச் சட்டத்தின் கீழ் ஒரு குற்றம் நடப்பதை அறிந்த எவரும் பக்கத்துக் காவல் நிலைய அதிகாரிக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் விட்டதற்கு நியாயமான காரணம் இருந்தால் அதை நிரூபிக்கும் பொறுப்பும் அவருடையதே. 20-ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஆயுதம் தவறான காரியத்துக்குப் பயன்படப்போகிறது என்று சந்தேகிக்க வலுவான காரணம் இருந்தால், காவலர் மட்டுமல்ல, ரயிலிலோ பேருந்திலோ வேலை செய்பவரும் அந்த ஆளைப் பிடித்து ஆயுதத்தைக் கைப்பற்றலாம். காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்குப் போகும் பேருந்தின் நடத்துநருக்கு இப்படி ஓர் அதிகாரம் இருக்கிறது. சட்டத்தில் இருக்கிறது என்பதற்காக அவர் அதைப் பயன்படுத்தப் போக வேண்டாம் என்பது என் கருத்து. அவரிடம் விசில் மட்டும்தான் இருக்கிறது. பேருந்தை ஒரு நிறுத்தத்தில் நிறுத்தி போன் செய்தால் போதும்.

கூட்டத்தில் பார்த்தவர் முதலில் அந்த ஆளிடமிருந்து நகர வேண்டும், அதுவும் ஓடாமல். உற்றுப் பார்க்கக் கூடாது, அவரிடம் போய்க் கேட்கக் கூடாது. சட்டையின் நிறம், துப்பாக்கி எந்தப் பக்கம் இருக்கிறது, கூட யார், எந்தத் திசையில் போகிறார், வண்டியில் வந்திருந்தால் அதன் எண் ஆகியவற்றை மனதில் வைத்துக்கொண்டால் போதும். பிறகு 112-க்கு அழைக்க வேண்டும், அல்லது பக்கத்தில் நிற்கும் சீருடைக் காவலரிடம் காதோடு சொல்ல வேண்டும். சின்ன காஞ்சிபுரத்துக்கு விஷ்ணுகாஞ்சி காவல் நிலையம். பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: "வலது இடுப்பில் துப்பாக்கிக் கைப்பிடி மாதிரி ஒன்று தெரிந்தது." தீவிரவாதி, ரவுடி என்று பெயர் சூட்ட வேண்டாம். சட்டத்தின் 19-ஆவது பிரிவு உரிமத்தைக் காட்டச் சொல்லும் அதிகாரத்தைக் காவலருக்குத் தருகிறது. அவர் கேட்பார். கன்மேனாக இருந்தால் அடையாள அட்டையைக் காட்டுவார், விஷயம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். யாருக்கும் நஷ்டமில்லை.

கத்தவே கூடாது. இதை இந்த ஊரில் தனியாகச் சொல்ல வேண்டும். 2019-இல் ஜூலை 1 முதல் 48 நாள், கோயில் குளத்திலிருந்து எடுக்கப்பட்ட அத்திவரதர் தரிசனத்துக்காக வெளியே இருந்தபோது இதே தெருக்களில் கூட்டம் எப்படி நெரிந்தது என்று எல்லோரும் பார்த்தோம். நெரிசலில் உயிர்களும் போயின. அப்படிப்பட்ட கூட்டத்தில் "துப்பாக்கி!" என்ற ஒரு சத்தம், சுடாத துப்பாக்கியைவிட அதிகம் பேரைக் கொன்றுவிடும். அதேபோல போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் விட வேண்டாம். அது போலீஸுக்குப் போவதற்கு முன்பே அந்த ஆளுக்குப் போய்விடும். தவறில்லாதவராக இருந்தால் அவர் பெயரும் போய்விடும்.

யூடியூபில் அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, மறைத்து எடுத்துச் செல்வது உரிமை என்று பேசும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அங்கே 2022 ஜூன் 23 அன்று உச்ச நீதிமன்றம், தற்காப்புக்காக வெளியே துப்பாக்கி எடுத்துச் செல்வதை அரசியல் சாசன உரிமை என்றே தீர்ப்பளித்தது. பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் அதற்கு அனுமதிச் சீட்டும் தேவையில்லை. துணிக்கு மேல் துப்பாக்கியின் வடிவம் தெரிவதற்கு 'பிரின்டிங்' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் 1996-இல் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, அடுத்த ஆண்டே தனியார் கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தார்கள். இந்தியச் சட்டத்தில் துப்பாக்கி உரிமை அல்ல, அரசு தரும் அனுமதி. கொடுத்த அனுமதியை ஆட்சியர் திரும்பவும் வாங்கிக்கொள்ளலாம்.

காஞ்சிபுரத்தில் உரிமம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களுக்கு உண்மையான அச்சுறுத்தல் இருந்ததால்தான் அதைக் கொடுத்திருக்கிறார்கள், அதை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் கருட சேவைக்கு வரும்போது துப்பாக்கியை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு வாருங்கள். முன்னும் பின்னும் ஆள் நெருக்கும் சன்னதி வீதியில், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிடும்போது, இடுப்பில் இருப்பது உங்கள் கட்டுப்பாட்டில் இருக்காது.