வழி தவறிய விமானங்கள்!

சாரல் காலத்தில் தென்காசிக் கோயில் கோபுர வாசலில் நின்றிருக்கிறீர்களா? ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று, தோளில் கிடக்கும் துண்டைப் பறித்துக் கொண்டு போகும். குற்றாலத்துக்குக் குளிக்க வருபவர்களுக்கு அது சுகமான காற்று. ஆகாய விமானிக்கு?

வெள்ளம் வரும்போது சிற்றாற்றை நீந்திக் கடப்பவர் நேராகத்தான் கை வீசுவார். கரை ஏறுவதோ நாலு முழம் கீழே! விமானமும் அப்படித்தான். மூக்கு ஒரு திசையைப் பார்க்கும். காற்று அதைப் பக்கவாட்டில் தள்ளும்.

அந்தக் காலத்தில் விமானி திசைகாட்டியையும் கடிகாரத்தையும் வைத்துக் கணக்குப் போடுவார். இத்தனை நிமிஷம் பறந்தோம், ஆகவே இந்த ஊருக்கு மேலே இருக்கிறோம் என்று முடிவு செய்வார். மேகம் மூடிவிட்டால் கீழே பார்த்துச் சரிபார்க்க முடியாது. திசை 1 டிகிரி தவறினால், 60 மைலில் 1 மைல் விலகிவிடும். சமவெளியில் அது பெரிதல்ல. மலைப் பக்கத்தில் உயிருக்கே உலை!

கோத்தகிரி விபத்து

1950 டிசம்பர் 13-ந் தேதி. கோவைக்கு வந்த டகோடா விமானம், கோத்தகிரி அருகே நீலகிரி மலையில் மோதியது. அதில் இருந்த அனைவரும் மாண்டனர். வழிக் கணக்கு பிசகியதே காரணம்.

இறந்தவர்களில் ஒருவர் ஆபிரகாம் வால்டு. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர், புள்ளியியல் மேதை. இந்திய அரசின் அழைப்பின் பேரில் சொற்பொழிவாற்ற வந்தவர். இரண்டாவது உலகப் போரில், குண்டு பட்டுத் திரும்பிய விமானங்களை ஆராய்ந்தவர் இவர். துளை விழுந்த இடத்தை விட, துளை விழாத இடத்தையே பலப்படுத்த வேண்டும் என்று கண்டார். எப்படி என்கிறீர்களா? அந்த இடத்தில் குண்டு பட்ட விமானங்கள்தான் திரும்பி வரவே இல்லையே!

விமானங்களைக் காக்கக் கணக்குப் போட்டவர், விமானத்தின் கணக்குப் பிழையால் இறந்தார். மனைவியும் உடன் இறந்தார். அவர்களுக்கு 2 குழந்தைகள். மகன் ராபர்ட்டுக்கு அப்போது வயது 3. பின்னாளில் அவர் புகழ் பெற்ற பௌதிக விஞ்ஞானி ஆனார்.

வானத்திலும் வேலி

மலை மட்டும்தானா ஆபத்து? வானத்திலும் எல்லை உண்டு. அனுமதி இல்லாமல் அதற்குள் நுழையக் கூடாது.

1983 செப்டம்பர் 1-ந் தேதி, கொரிய நாட்டுப் பயணிகள் விமானம் ஒன்று அலாஸ்காவில் இருந்து சியோல் நகருக்குப் பறந்து கொண்டிருந்தது. அதன் தானியங்கிக் கருவி, குறித்த பாதையில் திரும்பாமல் ஒரே திசையைப் பிடித்துக் கொண்டது. விமானிகள் கவனிக்கவில்லை. 500 கிலோமீட்டருக்கு மேல் விலகி, சோவியத் ரஷ்யாவின் வானத்துக்குள் புகுந்துவிட்டது. ரஷ்யப் போர் விமானம் அதைச் சுட்டு வீழ்த்தியது. 269 பேர் பலி!

அந்த மாதமே அமெரிக்க அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ராணுவத்துக்காக உருவாகி வந்த செயற்கைக்கோள் வழிகாட்டியை, எல்லா நாட்டுப் பயணிகள் விமானங்களுக்கும் திறந்துவிடப் போவதாகச் சொன்னது. அதுதான் ஜி.பி.எஸ். தென்காசியில் பஸ்சை விட்டு இறங்கியதும் செல்போனை எடுத்து ஐந்தருவிக்கு வழி பார்க்கிறார்களே, அதற்கு உதவுவதும் அதுவேதான்.