அறுவைக்குப் பின் அகச்சோர்வு

முன்னுரை

அறுவை மருத்துவத்தில் நமது நாஞ்சில் நாட்டுக்கு நீண்ட மரபு உண்டு. நெய்யூரில் 1838ஆம் ஆண்டிலேயே மருத்துவப் பணி தொடங்கிற்று. 1922ஆம் ஆண்டு எவரெஸ்ட் மலையேற்றக் குழுவில் இடம்பெற்ற டாக்டர் சாமர்வெல், பின்னர் அங்கே அறுவை மருத்துவராகப் பல்லாண்டு தொண்டாற்றினார். 2001இல் ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரியும் அமைந்தது. இன்று வடசேரிப் பேருந்து நிலையத்தில், அறுவை முடித்து ஊர் திரும்புவோரையும் அவரைத் தாங்கி வரும் உறவினரையும் நாம் காணலாம். அவர்களுள் சிலருக்குப் புண் ஆறிய பின்னும் மனம் ஆறுவதில்லை. அஃது ஏன் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மயக்க மருந்தும் மனமும்

1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்பார் ஈதர் கொடுத்து நோவற்ற அறுவைக்கு வழிகாட்டினார். மறு ஆண்டே அம்முறை கல்கத்தாவை எட்டியது. இன்றைய மயக்க மருந்துகளின் பெரும்பகுதி ஓரிரு நாளில் உடலை விட்டு நீங்கிவிடும். ஆகவே, வாரக்கணக்கில் நீளும் சோர்வை ‘மயக்க மருந்து இன்னும் இறங்கவில்லை’ என்று ஒதுக்குதல் பொருந்தாது.

முதியோருக்கு முதல் சில நாட்களில் இடமும் காலமும் மாறித் தோன்றும் மனக்குழப்பம் வருவதுண்டு. அது ஒரு பொழுது மிகுந்தும் ஒரு பொழுது குறைந்தும் காணப்படும். சிலர் பிதற்றுவர், சிலரோ பேச்சற்றுச் சுருண்டு கிடப்பர். பின்னதை மனச்சோர்வு என மயங்குதல் கூடாது. உடனே மருத்துவரிடம் கூற வேண்டும். கிருமித் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு முதலியன அதன் காரணமாக இருக்கலாம்.

காரணங்கள்

அறுவைக் காயத்தை ஆற்ற உடல் எழுப்பும் அழற்சி, மூளையையும் தொட்டுப் பசியையும் ஊக்கத்தையும் குறைக்கிறது. இரத்த இழப்பால் சோகை வரும். தைராய்டுச் சுரப்பியை அகற்றியோருக்கும், கருப்பையுடன் சூலகங்களையும் இழந்த மகளிருக்கும் சுரப்பு நீர்க் குறைவு சோர்வைத் தரும். சில வலி மருந்துகளும் ஸ்டீராய்டுகளும் மனநிலையை மாற்றும். உறக்கமின்மை இவற்றோடு சேரும்.

உடல் சாராக் காரணங்களும் உள. வடசேரியின் கோயில் நகைத் தொழில் நுண்ணிய கைவேலை. அதனைச் செய்யும் ஒருவர் கையில் அறுவை செய்து ஒரு மாதம் சும்மா இருக்க நேர்ந்தால், வருவாயோடு தம் மதிப்பும் போயிற்றென்றே எண்ணுவார். பிறர் கையை எதிர்பார்த்து எழுந்து நடப்பதும் பலருக்குப் பெருந்துயரமே.

ஏன் அஞ்ச வேண்டும்?

‘ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததே, இன்னும் என்ன வருத்தம்?’ என்று நாம் கேட்டுவிடுகிறோம். நோயாளியும் நன்றி கெட்டவராகத் தோன்றிவிடுவோமோ என நாணி வாய் மூடுகிறார். இம்மௌனம் கேடு பயக்கும். 2001இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்த ஓர் ஆய்வில், இதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட 309 பேருள் 63 பேருக்குக் கடும் மனச்சோர்வு இருந்தது. ஓராண்டுக்குள் மீண்டும் இதயத் தொல்லைக்கு உள்ளானோர் அவர்களுள் நூற்றுக்கு 27 பேர். ஏனையோருள் 10 பேரே. மனச்சோர்வைக் கவனியாது விட்டால் உடலின் மீட்சியும் தடைப்படலாம் என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

செய்யத்தக்கன

முதல் சில நாட்களின் கலக்கம் பெரும்பாலும் தானே தணியும். ஆயின் துயரமோ எதிலும் நாட்டமின்மையோ இரண்டு வாரம் நீடித்தால் மருத்துவரை அணுகுதல் வேண்டும். இரத்தச் சோகை, தைராய்டு ஆகியவற்றுக்கான சோதனையை நாமே கேட்கலாம். முன்பே மனநல மருந்து உண்டவர் அதனை அறுவைக்கு முன்னரே மருத்துவரிடம் கூற வேண்டும், தாமாக நிறுத்தலாகாது. பகலில் வெளிச்சம், இரவில் உறக்கம், மருத்துவர் இசைந்த அளவில் நடை ஆகியவை நலம் தரும். முதியோருக்குக் கண்ணாடியும் செவிக்கருவியும் உடனே கொடுத்தல் நன்று. நலம் விசாரிக்கச் செல்வோர் அச்சக் கதைகள் கூறாது, சிறிது நேரம் அமர்ந்து, அவர் கூறுவதைக் கேட்டுத் திரும்புதல் சாலச் சிறந்தது.

உயிர் வாழ விருப்பமில்லை என்னும் சொல் வந்தால் அவரைத் தனியே விடாது உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லல் வேண்டும். 14416 என்னும் அரசின் தொலைபேசி உதவி இரவு பகலாக இயங்குகிறது, தமிழிலும் பேசலாம்.

முடிவுரை

திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக்கி, நோயுற்றவர், மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து பேணுபவரையும் ஒரு கூறாக வைத்தார். அறுவை அரங்கில் நமக்கு வேலையில்லை. வீட்டுக்கு வந்த பின் அந்த நான்காம் கூறு நாமே. ‘மனம் எப்படி இருக்கிறது?’ என்று கேட்பதும் அப்பணியில் அடங்கும்.